ஆடுகளமும் குளமும்

(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் இளைஞர் அணியின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சுற்றாடலைக் காப்பதில் விளையாட்டுக்குள்ள பங்கு என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். விளையாட்டு உடலுக்கு நல்லது, ஒழுக்கத்துக்கு நல்லது, ஒற்றுமைக்கு நல்லது என்று பரிசளிப்பு விழாத்தோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மரத்துக்கும் மண்ணுக்கும் நீருக்கும் அது நல்லதோ என்று எவரும் எம்மைக் கேட்டதில்லை. ஆயினும் இக்கேள்வி இவ்வாண்டு மன்றத்தின் வாசலிலேயே வந்து நிற்கின்றது. மைதானத்தை மேற்குப் பக்கமாக விரித்தற்பொருட்டு அயலிலுள்ள குளத்தில் எட்டுப் பரப்பை நிரவுதல் வேண்டும் என்னும் பிரேரணை அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வரவிருக்கின்றது. ஆகவே உலகத்தைச் சுற்றிவந்து அக்குளக்கரையிலே பேச்சை முடிப்பதென்று தீர்மானித்தோம். நோக்கத்தை மறைத்துப் பேசுதல் சபைக்கு அழகன்றாதலால் இதனை முதலிலேயே சொல்லிவைக்கின்றோம்.

விளையாட்டு இயற்கைக்கு நண்பனென்று எடுத்த எடுப்பிலே சொல்லிவிட எமக்கு மனம் வரவில்லை. எம் நாட்டுச் சரித்திரமே அதற்குக் குறுக்கே நிற்கின்றது. விளையாட்டு என்றால் இன்று பந்தும் மட்டையும் நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கையை ஆண்ட ஆங்கிலத் துரைமாருக்கு விளையாட்டென்பது வேட்டை. மேஜர் றோஜர்ஸ் என்பவர் 1,400 இற்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பது அக்காலத்தோர் எழுதிவைத்த கணக்கு. அவர் 1845 ஆம் ஆண்டு அப்புத்தளையிலே இடிவிழுந்து இறந்தார். அது யானைகளின் சாபமென்று பேசிக்கொள்வோர் உளர். அதைப்பற்றி நாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. சாமுவேல் பேக்கர் என்பவர் நுவரெலியாவிலே குடியேறித் தம் வேட்டைப் பெருமையை ஒரு நூலாகவே எழுதினார்.

இவையெல்லாம் மலைநாட்டுச் செய்திகள், எமக்கென்ன என்று எண்ணவேண்டாம். 1848 ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்திலே, வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டன என்று எமேர்சன் தெனன்ற் எழுதியிருக்கின்றார். அக்காலத்தில் யானையைக் கொன்றவனுக்கு அரசாங்கம் பணமும் கொடுத்தது. வன்னிக் காடுகளிலே வீழ்ந்த அவ்வுயிர்களை நினைக்குந்தோறும், யானைமுகப் பெருமானைச் சந்திதோறும் வைத்து வணங்கும் எமக்கு நெஞ்சு கனக்கின்றது.

நிற்க. இக்கதையின் மறுபாதி வியப்பானது. கொன்று கொன்று காடு வெறுமையானபோது, அதனை முதலிற் கண்டவர்களும் அவ்வேட்டைக்காரரே. கச்சேரியில் இருந்த அதிகாரிக்குக் காட்டின் குறைவு தெரியாது. ஆண்டுதோறும் அதே துறைக்குச் சென்று மானுக்குக் காத்திருந்தவனுக்குத் தெரிந்தது. 1894 ஆம் ஆண்டு அவர்கள் கூடி, வேட்டைப் பிராணிகளைக் காக்குஞ் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1900 ஆம் ஆண்டு யால காப்பிடமாக்கப்பட்டது. 1937 இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1938 இல் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. அன்றைய வேட்டைக்காரர் சங்கமே இன்று வனசீவராசிகளையும் இயற்கையையும் காக்கும் சங்கமாகப் பெயர்மாறி இயங்கி வருகின்றது. உலகிலே இத்தகைய சங்கங்களுள் மிகப் பழையனவற்றுள் அஃது ஒன்று.

அவர்கள் புண்ணியங் கருதியா இதைச் செய்தார்கள்? அன்று. நாளைக்கும் சுடவேண்டும் என்பதற்காகவே இன்றைக்குக் காத்தார்கள். யாலவின் ஒரு பகுதி நெடுங்காலம் வேட்டைக்காரருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அதுமட்டுமன்று, துரைமார் சுட்டால் விளையாட்டு, காட்டோரத்துக் குடியானவன் வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மானைப் பிடித்தால் திருட்டு என்ற அநியாயமும் அதனோடு வந்து சேர்ந்தது. இவற்றை மூடிமறைத்து அவர்களைப் போற்றவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் சுயநலத்துக்காக அடைத்த வேலி சுயநலம் போனபின்னும் நின்றது. துப்பாக்கி போயிற்று, காடு இருக்கின்றது. ஒருவன் தான் விளையாடும் இடத்தோடு கொள்ளும் உறவு எத்துணை வலியது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று எமக்குக் கிடைக்கவில்லை.

அவ்வுறவு வேட்டையின் இரத்தக்கறை இன்றியும் உண்டாகும் என்பதற்கு இங்கிலாந்திலே நடந்த வழக்கொன்றைச் சொல்லுகின்றோம். சட்டம் படிக்கும் மாணவர் யாவரும் இதனைப் படிப்பர். ஆனால், அது தூண்டிற்காரர் தொடுத்த வழக்கு என்பதைப் பரீட்சை முடிந்தபின் எத்தனைபேர் நினைவில் வைத்திருக்கின்றனரோ அறியோம்.

டேர்பி என்பது தொழிற்சாலைகள் மலிந்த நகரம். அதனூடே டேர்வென்ற் என்னும் ஆறு ஓடுகின்றது. ஓய்வுநாளிலே ஆற்றங்கரையிற் சென்று அமர்ந்து தூண்டில் போடுவது அந்நாட்டுத் தொழிலாளருக்குப் பெரும் பொழுதுபோக்கு. அவர்கள் கழகமாகக் கூடி, ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமையைப் பெற்றிருந்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அவ்வாறு கெட்டது. செயற்கைப் பட்டு நெய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று கழிவுநீரைச் சூட்டோடு விட்டது. நகரசபையின் கழிவுநீர் நிலையம், பெருகிவிட்ட சனத்தொகையின் மலநீரைத் தாங்கமாட்டாமல் அரைகுறையாகச் சுத்திகரித்து விட்டது. மின்சார நிலையம் தன் இயந்திரங்களைக் குளிர்வித்த வெந்நீரை விட்டது. நீர் சூடேறினால் அதிற் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். மலநீர் கலந்தால் இருக்கும் ஒட்சிசனையும் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். மீனும் மீனுக்கு இரையான சிற்றுயிர்களும் அழிந்தன.

இனி, ஆற்றில் நீந்தும் மீன் எவனுடைய சொத்து? பிடிபடும்வரை எவனுடையதுமன்று. அப்படியாயின் மீன் செத்ததற்கு வழக்காடுபவன் யார்? இங்கேதான் அத்தூண்டிற்காரரின் கெட்டித்தனம் இருக்கின்றது. மீன் எமதன்று, மீன்பிடிக்கும் உரிமை எமது. அவ்வுரிமை ஒரு சொத்து. அச்சொத்துக்கு ஊறு செய்தார்கள் என்று வழக்கிட்டனர். ஆற்றோரத்து நிலமுடைய பிரபு ஒருவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1948 ஆம் ஆண்டு இத்தகைய வழக்குகளுக்கென்றே அந்நாட்டுத் தூண்டிற்காரர் அமைத்திருந்த கூட்டுறவுச் சங்கம் பின்துணையாக நின்றது.

எதிரே நின்றவர்கள் சிறியவர்களா? தொழிற்சாலை, நகரசபை, மின்சார அதிகாரசபை. நகரசபை சொன்ன நியாயம் கேட்கத்தக்கது: நாம் சட்டப்படி கட்டிய நிலையம் இது, கட்டியபோது போதுமானதாகவே இருந்தது, ஊர் பெருத்துவிட்டது, நாம் என்செய்வோம்? நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 1952 ஆம் ஆண்டு தடையுத்தரவு வழங்கப்பட்டது. மேன்முறையீட்டிலும் அது நிலைத்தது. அம்மேன்முறையீட்டைக் கேட்டவர்களுள் டெனிங் நீதியரசரும் ஒருவர். நட்டஈட்டை வாங்கிக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவிடாமல், நிறுத்துங்கள் என்றே கட்டளையிட்டனர். திருத்தி அமைப்பதற்கு நகரசபைக்குக் கால அவகாசம் மாத்திரம் கொடுத்தனர்.

அக்கழகத்தார் விஞ்ஞானிகள் அல்லர். சூழலியல் என்னும் சொல்லை அவருட் பெரும்பாலோர் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆற்றங்கரையில் ஓய்வுநாள் தவறாமல் இருந்தார்கள், அவ்வளவே. இருந்தபடியால் நீரின் நிறம் மாறியதைக் கண்டார்கள். கழகமாக இருந்தபடியால் கண்டதைச் சொல்ல வலிமை பெற்றார்கள். எம்மைப்போன்ற மன்றம் ஒன்று இவ்வழக்கிலே கற்கவேண்டியது இந்த இரண்டையுமே என்பது எம் துணிபு.

இதே கதை கடலிலும் நடந்தது. 1990 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கோண்வோல் கரையிலே அலைச்சறுக்கு விளையாடும் இளைஞர்கள், ஊர்க்கழிவை அப்படியே கடலில் விடுவதை எதிர்த்துச் சங்கம் கூட்டினர். சறுக்குப் பலகையையும் வாயுமுகமூடியையும் தாங்கி அவர்கள் செய்த ஆர்ப்பாட்டங்களை நாடே பார்த்துச் சிரித்தது, பின்பு சிந்தித்தது. எம் அறுகம்குடாவிலே அலைச்சறுக்கு விளையாடுவோரும் ஒருநாள் இதனை நினைத்துக்கொள்ளட்டும்.

ஆயின், மைதானம் அமைக்கும் விடயத்திலே வேறொரு கதை எமக்கு நெருங்கியது. 2000 ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டு விழா அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே நடைபெற்றது. அதற்குத் தெரிந்தெடுத்த இடம் அழகான இடமன்று. அரசாங்கத்தின் மாடு வெட்டும் தொட்டி இருந்த இடம். செங்கல் அறுத்த இடம். தொழிற்சாலைக் கழிவுகளைப் பல்லாண்டு கொட்டி நிரப்பிய சதுப்பு. அதைத் துப்புரவாக்கி விளையாட்டரங்கு அமைத்தது பெரிய காரியமே. நாம் சொல்லவந்தது அதுவன்று.

செங்கல்லுக்கு மண் அகழ்ந்த பெரும் பள்ளம் ஒன்று அங்கே கிடந்தது. ரென்னிஸ் அரங்கை அவ்விடத்திலே அமைப்பதாகத் திட்டம். 1990 களின் தொடக்கத்திலே அப்பள்ளத்து நீரில் ஒருவகைத் தவளை வாழ்வது தெரியவந்தது. பச்சை உடலிற் பொன்னிறத் திட்டுக்கள் உடையது. அருகி வந்த இனம். அவுஸ்திரேலிய வீரர்கள் அணியும் உடையின் நிறமும் பச்சையும் பொன்னுமே என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். உலகமே பார்த்திருக்கும் பெருவிழா, கோடிக்கணக்கிற் செலவு, நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு தவளைக்காக என்ன செய்தார்கள்? ரென்னிஸ் அரங்கை வேறிடத்துக்கு மாற்றினார்கள். பள்ளம் தவளைக்கே விடப்பட்டது. இன்றைக்கும் மக்கள் அதன்மேல் உயர்த்திக் கட்டிய வட்டப் பாதையிலே நடந்து பார்க்கின்றனர்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, வெளிநாட்டார் விளையாட்டெல்லாம் இப்படியே நடந்தது என்று மயங்கிவிடலாகாது. சிவபெருமான் வீற்றிருக்கும் வெள்ளிமலை என்று நாம் கைகூப்பும் இமயத்திலே, எவறெஸ்ற் சிகரம் ஏறச்சென்ற வீரர்கள் விட்டுவந்த ஒட்சிசன் உருளைகளும் கூடாரத் துணியும் தகரப் பேணியும் மலத்திரளும் கொஞ்சமல்ல. ஏறுபவர் ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பையைத் திரும்பக் கொண்டுவரவேண்டுமென்று 2014 ஆம் ஆண்டு நேபாள அரசாங்கம் விதி செய்யும் அளவுக்கு அது வந்துவிட்டது. எம் நாட்டிலே சூரியவெவையில் பற்றைக்காட்டு நிலத்தில் துடுப்பாட்ட அரங்கம் ஒன்று எழுந்தது. அதிற் பெரிய ஆட்டங்கள் நடந்த நாட்களிலும் நடவாத நாட்களே மிகுதி.

2025 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வடபகுதிப் பிள்ளைகளுக்கு அத்தகைய மைதானம் வேண்டும் என்பதில் எம்முள் இரண்டாம் பேச்சில்லை. 1904 ஆம் ஆண்டுதொட்டு வடக்கின் பெருஞ்சமரைப் பார்த்துவரும் ஊர் எமது. ஆயினும், ஆழமற்ற கடலும் கண்டலும் சூழ்ந்த சிறு தீவிலே மழைநீர் எவ்வழியால் ஓடும், புல்லுக்கு ஊற்றும் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும், புல்லுக்கு இடும் உரம் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பது அபிவிருத்திக்கு விரோதம் என்று எவரும் சொல்லலாகாது. விளையாட்டை நேசிப்பவனே இக்கேள்விகளை முந்திக் கேட்கவேண்டும்.

இனிக் குளக்கரைக்கு வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறு மாரியிலே ஓடிக் கோடையிலே மறைவது. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்யும் மழையே எமக்குச் செல்வம். அதனைச் சேமித்துவைக்கும் பெட்டகம் நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கல். அச்சுண்ணக்கல்லிலே நன்னீர், கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேலே மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன்கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் தாங்கப்படும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஓரடி இறங்கினாற் கீழே நாற்பதடி இழப்போம் என்பதே அதன் மறுபக்கம். தோட்டக் கிணற்றில் இறைப்பு இயந்திரம் வைத்து அளவுக்கு மேல் இறைத்தால் தண்ணீர் சவர்ப்பது இதனாலேதான். கீரிமலையிலே கடல் அலை கைக்கெட்டும் தூரத்தில் அடிக்க, இப்புறத்துக் கேணியிலே நன்னீர் ஊறுகின்றதே, அது நிலத்தின் கீழால் வந்த மழையன்றி வேறன்று. அக்கேணியிற் குதித்து நீந்தாத இளைஞன் எம்முள் யார்? தீர்த்தமும் அதுவே, எம் நீச்சற் பள்ளிக்கூடமும் அதுவே.

குளத்தை நிரவலாம் என்போர் சொல்லும் நியாயங்களை நாம் மதிக்கின்றோம். அவர்கள் எம் பெரியவர்கள். இம்மைதானத்தைப் பற்றை வெட்டி உண்டாக்கியவர்கள். குளம் ஆடி மாதத்தில் வற்றிவிடுகின்றது என்கின்றார்கள், மெய். பாதிக்குமேல் தூர்ந்துவிட்டது என்கின்றார்கள்; அதுவும் மெய். பொலித்தீனும் போத்தலும் நிறைந்து நுளம்பு பெருகுகின்றது என்கின்றார்கள், அதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், வற்றுகின்றது ஆதலாற் பயனற்றது என்பதை மாத்திரம் எம்மால் ஏற்க முடியவில்லை. நிறைந்த குளம் வற்றும்போது அந்நீர் எங்கே போகின்றது? ஒரு பகுதி வெயிலுக்குப் போகின்றது. மற்றப் பகுதி நிலத்துக்குள் இறங்கி அயற் கிணறுகளுக்குப் போகின்றது. தைக்குப் பின்னே குளம் வடிவதும் சித்திரையிலே கிணறு தாங்குவதும் வெவ்வேறு சங்கதிகள் அல்ல. வற்றுவதே அக்குளத்தின் வேலை.

எட்டுப் பரப்பு என்றால் அரை ஏக்கர். நான்கடி ஆழத்துக்கு அதில் நிற்கும் நீரைக் கணக்குப் பார்த்தோம். 24 இலட்சம் லீற்றருக்கு மேல் வந்தது. அதனை நிரவினால் மழை குறையப்போவதில்லை; அந்நீர் வேறிடம் தேடும். தேடிக்கொண்டு முதலில் வரும் இடம் எம்முடைய மைதானமே. குளத்தை மூடிப் பெற்ற நிலத்திலே மார்கழி முழுவதும் முழங்காலளவு வெள்ளத்தில் நின்று உதைபந்தாட்டம் ஆடலாம் என்று எம்மில் ஒருவர் சொன்னார். பகிடியாகச் சொன்னாலும் மெய் அதுதான்.

இனி, மைதானம் உண்மையிலே சிறியதா? சர்வதேச விதிப்படி உதைபந்தாட்டக் களத்தின் நீளம் 90 மீற்றர் முதல் 120 மீற்றர் வரையும், அகலம் 45 மீற்றர் முதல் 90 மீற்றர் வரையும் இருக்கலாம். சென்ற மாதம் நாம் நால்வர் நாடா பிடித்து அளந்தோம். தென்மேற்கு மூலையை விட்டு அளந்தால் நீளம் 84 மீற்றர். அம்மூலையையும் சேர்த்தால் 96 மீற்றர். அகலம் 58 மீற்றர். ஆகவே குறை குளத்தில் இல்லை, மூலையிலே இருக்கின்றது. ஈச்சம்பற்றை மூடிக் கிடக்கும் அந்த மூலை ஏறக்குறைய ஒன்றரை அடி தாழ்வு. அதனை நிரப்பி மட்டப்படுத்தினால், விருந்தினராக வரும் கழகங்கள் இது விதிக்குப் பொருந்தாத களமென்று முணுமுணுக்க இடமிராது.

மூலைக்கு மண் எங்கே? குளத்திலே தூர்ந்து கிடக்கின்றது. பெரியோர்களே, மண்ணைக் கொண்டுபோய்க் குளத்திற் கொட்டுவது பிரேரணை. குளத்திலிருந்து மண்ணைக் கொண்டுவந்து மூலையிற் கொட்டுவது எம் திருத்தம். செலவு இதிலே குறைவு. உழவு இயந்திரப் பெட்டிக்கு எரிபொருளும், வேலை செய்வோருக்குத் தேநீருமே. தூர்வாருவதற்கும் நாம் நினைத்தபடி இறங்கிவிட முடியாது. கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச சபைக்கும் எழுதி, எவ்வளவு ஆழம் அகழலாம் என்று அவர்கள் சொல்லக் கேட்டே செய்யவேண்டும். அடியிலுள்ள கல்லைத் தொடும்வரை வெட்டுவதும் தவறு. வடிகட்டும் மண்படை போய்விட்டால் மேலுள்ள அழுக்கு நேரே கிணற்றுக்கு இறங்கிவிடும்.

முன்னாளிலே எம் விளையாட்டுக்கள் நிலத்தைக் கேட்டதில்லை. கிளித்தட்டு கோயில் வீதியிலே கீறிய கோட்டில் நடந்தது. சடுகுடு அறுத்த வயலிலே நடந்தது. ஆவணியில் ஏர் வந்ததும் ஆட்டக்காரர் ஒதுங்கினர். கிட்டிப்புள்ளுக்கு வேண்டியது ஒரு பூவரசந் தடி. அக்காலத்துக்கே திரும்புவோம் என்று நாம் சொல்லவில்லை. உதைபந்தை விட்டுக் கிட்டிப்புள்ளுக்குப் போக எமக்கே விருப்பமில்லை. வயலுக்கு ஒரு பருவமும் ஆட்டத்துக்கு ஒரு பருவமும் என்று அவர்கள் வகுத்த முறையை மாத்திரம் கருதுகின்றோம். மாரியிலே மைதானத்தின் மேற்கு ஓரத்தைக் குளத்துக்கு விட்டுக்கொடுத்து, அந்நாட்களிற் கரப்பந்தாட்டத்தைக் கிழக்கு மேட்டில் வைத்துக்கொள்வதால் எவருக்கும் ஒரு நட்டமுமில்லை.

குப்பையைப்பற்றி ஒன்று. சென்ற சுற்றுப்போட்டி முடிந்த மாலை, மைதானத்திலும் குளக்கட்டிலும் கிடந்த வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களை யாவரும் கண்டீர்கள். அயலூர்க் கழகம் வந்தால் மண்பானையில் நீர் வைத்துச் செம்பிலே வார்த்துக் கொடுத்த மன்றம் இது என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். யப்பான் தேசத்திலே 2008 ஆம் ஆண்டு ஒரு புதுவகைப் போட்டியைத் தொடங்கினார்கள்: குப்பை பொறுக்கும் போட்டி. மூவர் கொண்ட குழு, ஒரு மணித்தியாலம், குறித்த எல்லைக்குள் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வகைப்படுத்தி நிறுக்கவேண்டும். ஒவ்வொரு வகைக்கும் வெவ்வேறு புள்ளி. சிகரெட் அடிக்கட்டைக்குப் பெரும் புள்ளி. ஓடக்கூடாது என்பதும் விதி. 2023 ஆம் ஆண்டு தோக்கியோவில் இதற்கு உலகக் கிண்ணமே நடந்து, பிரித்தானியக் குழு வென்றது. சிரிக்கின்றீர்கள், நாமும் முதலிற் சிரித்தோம். ஆனால், தம்பிமாரைப் பொறுக்குங்கள் என்றால் ஒருவன் குனியான். மேற்கு வட்டாரத்தாரை வெல்லுங்கள் என்றால் இருட்டும்வரை பொறுக்குவான். வரும் தைப்பொங்கல் விளையாட்டு விழாவிலே கயிறிழுத்தலுக்கும் முட்டியுடைத்தலுக்கும் நடுவில் இதனையும் ஒரு நிகழ்ச்சியாகச் சேர்க்கும்படி விளையாட்டுச் செயலாளரைக் கேட்டிருக்கின்றோம். எல்லை: மைதானமும் குளக்கட்டும். பரிசுக்கிண்ணத்துக்கு ஓர் அன்பர் பொறுப்பேற்றுள்ளார்.

எம் வேண்டுகோள் இதுவே: பிரேரணையை இரண்டாகப் பிரித்து வாக்கெடுக்கவேண்டும். மைதானத்தைத் திருத்துவது ஒன்று. குளத்தை நிரவுவது மற்றொன்று. முதலாவதற்கு நாம் எல்லோரும் கை உயர்த்துவோம். இரண்டாவதற்கு எம் அணியினர் பதினேழு பேரும் கை உயர்த்தமாட்டோம் என்பதை வணக்கத்தோடு இச்சபையிலே தெரிவித்துக்கொள்கின்றோம். அளந்த கணக்கும் களத்தின் படமும் செயலாளரிடம் கையளிக்கப்பட்டிருக்கின்றன; பார்க்க விரும்புவோர் வாசிகசாலையிலே பார்க்கலாம். பிழை இருந்தால் அதே நாடாவை எடுத்துக்கொண்டு உங்களோடு மறுபடியும் அளக்க வருவோம்.

அநுமதி கிடைக்குமாயின், பொங்கலுக்கு முன் வேலை தொடங்க முடியாது, நீர் நிற்கும். ஆனி பிறந்து நிலம் காய்ந்தபின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கலாமென்று எண்ணுகின்றோம். மண்வெட்டி மன்றத்தில் ஒன்பது உண்டு. கடகம் போதாது, இயன்றவர்கள் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவருவார்களாக.